முழியன் நின்ற அறை

தினமும் காலை ஐந்தேமுக்காலுக்கு ஊசியக்கா இடுப்பில் ஓர் இடி வாங்குவாள். இடிப்பது முழியனின் பக்கக் கண்ணாடி. கீழறையின் பின்சுவரை ஒட்டி அவளுடைய குட்டி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்து, ரத்தம் சேகரிக்கிற பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அங்கே போய்ச் சேர, சுவருக்கும் முழியனுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். எக்கினாலும் இடிக்கும். பத்தொன்பது வருஷமாக ஒரே இடத்தில்தான் இடிக்கிறது. அந்த இடத்தில் தோலே கொஞ்சம் கறுத்துப் போயிருந்தது.

"அந்தக் கண்ணாடிய மடக்கி வைக்கவே முடியாதாங்க?" என்று ஒருமுறை கேட்டாள்.

"மடக்கலாமே. பட்டன் அமுக்கினா தானா மடங்கும்" என்றார் கணவர்.

"அமுக்குங்களேன்."

"பாட்டரி வேணும்ல."

பாட்டரி செத்து ஆறு வருஷம் ஆகிறது. இதற்குமேல் ஒரு மனுஷியால் என்ன பேச முடியும், நீங்களே சொல்லுங்கள்.

முழியன் ஒரு கார். சும்மா கார் இல்லை, ஆடம்பரக் கார். வந்த காலத்தில் அதைவிட விலை கூடிய கார் அந்த ஊரில் இரண்டோ மூன்றோதான் இருந்தன. உள்ளே தோல் இருக்கை, சீட்டைச் சூடாக்க ஒரு பட்டன், சாய்க்க ஒரு பட்டன், கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் ஒரு பெண் குரல் அழகாகக் கண்டிக்கும். எல்லாம் இருந்தது. முகம் மட்டும்தான் சரியில்லை. முன்விளக்குகள் இரண்டும் ஓரத்துக்கு ஓரம் தள்ளி உருண்டையாக, எதையோ பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி இருக்கும். அவ்வளவு காசு கையில் வைத்திருந்தவர்களும் வந்து பார்த்து, "இது ஏன் இப்படி முழிக்குது?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முழியன் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இரண்டே வருஷத்தில் அந்தக் கம்பெனி இந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டது.

அதை விற்ற ஷோரூமில் விற்பனையாளராக இருந்தவர்தான் ஊசியக்காவின் கணவர். இரண்டு வருஷத்தில் அவர் விற்றது மூன்று. அதில் ஒன்று திரும்பி வந்தது. ஆனால் மனுஷன் பேச்சில் குறை சொல்ல முடியாது. முழியனின் பெருமையைத் தலையிலிருந்து வால்வரை பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் சொல்லுவார். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்லுவார். நாலு பேரும் நம்பவில்லை. ஆனால் அத்தனை முறையும் அதைக் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு, அவரே. அவர் நம்பிவிட்டார்.

கடை மூடியபோது காட்சிக்கு வைத்திருந்த கடைசிக் காரை முதலாளி கால் விலைக்குத் தள்ளிவிட்டார். ஒரு மாலையில் ஊசியக்கா வேலை முடிந்து வந்து பார்த்தால், கீழறையின் ஷட்டர் திறந்து கிடக்கிறது, உள்ளேயிருந்து இரண்டு கண்கள் அவளைப் பார்த்து முழிக்கின்றன.

அந்தக் கீழறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவைப் பார்த்த அறை. வீடு கட்டும்போதே ஷட்டர் வைத்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, தனி மீட்டர் போட்டுக் கட்டியது. எதற்கு? ஊசியக்காவின் சொந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் ஊசியக்கா. நரம்பு கிடைக்காத கிழவர்கள், கையைக் கொடுக்க மறுக்கிற குழந்தைகள், குத்திக் குத்திப் புண்ணான நோயாளிகள், எல்லோருக்கும் அவள்தான் வர வேண்டும். முழங்கையை இரண்டு விரலால் தடவுவாள், ஏதாவது கதை கேட்பாள், பதில் சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். இரண்டாவது குத்து என்பது அவள் கையில் கிடையாது. அப்படிப்பட்ட கை இன்னொருவருடைய லேபில் இருபத்தாறு வருஷமாகச் சம்பளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதில் பத்தொன்பது வருஷத்துக்குக் காரணம் வீட்டில் அறை காலியாக இல்லாததுதான்.

"ரெண்டே வருஷம்" என்றார் அன்றைக்குக் கணவர். "இது மாதிரி கார் இனி வராது. செஞ்சதே கொஞ்சம். அப்ப சிரிச்ச கார்லாம் இப்ப ஏலத்துல என்ன விலை போகுது தெரியுமா? ரெண்டு வருஷம் நிக்கட்டும். வித்துட்டு உனக்கு லேப், புது மெஷினோட."

இரண்டு வருஷம் கழித்துக் கேட்டாள். பத்து ஆக வேண்டும் என்றார். பத்தில் கேட்டாள். பதினைந்து ஆனால்தான் ஆட்கள் தேட ஆரம்பிப்பார்கள் என்றார். பதினைந்தில் இருபது. இப்போது இருபத்தைந்து. "இருபத்தஞ்சு ஆனாத்தான் பழங்காருன்னு கணக்குல எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளில் கத்தரித்து வைத்த துண்டுகளை எடுத்து நீட்டுவார். எங்கேயோ ஒரு தேசத்தில் எல்லோரும் கேலி செய்த ஒரு கார் முப்பது வருஷம் கழித்து மாளிகை விலைக்குப் போன கதை. துண்டுகள் பழுத்து மஞ்சளாகிவிட்டன. ஆனால் பொய் இல்லை, நடந்ததுதான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். முழுப் பொய்யென்றால் ஒரேயடியாகச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

கணவர் இப்போது குளியலறைச் சாமான் கடையில் வேலை பார்க்கிறார். அங்கே அவர் கெட்டிக்காரர். குழாய் வாங்க வந்தவரிடம் குளியல் தொட்டியை விற்று அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு கீழே போய் முழியனைத் துடைப்பார். மெழுகு போட்டு, மறுபடி துடைத்து, உள்ளே பின்சீட்டில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில் அழைத்தால் ஊசியக்காவுக்கு முதல் பத்து நிமிஷம் இந்தப் புலம்பல்தான்.

"அம்மா, என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா? நீயும் அப்பாவும் பேசுறதெல்லாம் முழியனப் பத்தித்தான். அவனுக்கு ஒரு பொண்ணு பாத்துக் கட்டிவச்சுடுங்க" என்பாள் மகள்.

இன்னொரு பழைய விஷயமும் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஷோரூம் இருந்த காலத்தில் ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் எடுக்க அனுப்பப்பட்டவள் ஊசியக்காவேதான். கணவருக்கோ ஊசி என்றால் ஆகாது. மனைவி நாள் முழுக்க ஊசியோடு இருக்கிறவள், இவருக்கு ஊசியைப் பார்த்தால் கால் துவண்டுவிடும். சகாக்களெல்லாம் வரிசையில் நின்று கிண்டல் செய்ய, முகம் வெளுத்து நின்றார். ஊசியக்கா சுற்றிப் பார்த்தாள். காட்சிக்கு நின்ற முழியனின் பின்கதவைத் திறந்து, பின்னாலிருந்த தனிச்சீட்டு ஒன்றில் அவரை உட்கார வைத்து, பட்டனை அமுக்கிச் சாய்த்து, கைத்தாங்கியில் கையை வைக்கச் சொல்லி எடுத்து முடித்துவிட்டாள். அவருக்கு எடுத்ததே தெரியவில்லை. "இப்படி ஒரு சீட்டு எங்க லேப்ல இருந்தா எவனும் மயங்கி விழமாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். அதை அவள் அன்று மாலையே மறந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஒரு மாதம் மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ரத்தப் பரிசோதனைகளை வெளியே ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பப்போகிறார்களாம். லேப் மாதக் கடைசியோடு மூடப்படும். ஐம்பத்து நாலு வயதில் ஊசியக்காவுக்கு இனி எந்த லேபும் வேலை கொடுக்காது. அவள் அழவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் நேராகச் சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். மூன்று வருஷமாகத் தூசி பிடித்துக் கிடந்த தன் விண்ணப்பத்தைத் தேடி எடுக்க வைத்தாள். அதிகாரி பதினாலாம் தேதி காலை வந்து இடத்தைப் பார்ப்பார் என்று சொன்னார்கள். தரைத்தளத்தில் அறை, கழுவக்கூடிய சுவர், கை கழுவும் தொட்டி, ரத்தம் எடுக்கக் கைத்தாங்கியோடு ஒரு நாற்காலி. இவ்வளவும் இருந்தால் உரிமம். இல்லாவிட்டால் அடுத்த முறை அவர்கள் வர ஒரு வருஷம் ஆகலாம்.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷினை அவள் நாலு வருஷத்துக்கு முன்பே பழைய விலைக்கு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். மைக்ராஸ்கோப் அலமாரியில், துணிகளுக்கு நடுவில். கை கழுவும் தொட்டி கணவரின் கடையிலிருந்தே வந்து மாடியில் சுவரில் சாய்ந்து நின்றது. நாற்காலிக்கு மட்டும் அன்றைக்குத்தான் ஆர்டர் கொடுத்தாள். எல்லாம் இருந்தது, வைக்க இடம்தான் இல்லை.

"பதினாலாம் தேதிக்குள்ள கீழறை காலியாகணும்" என்றாள் அன்று சாயங்காலம்.

"இன்னும் ஆறே வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த மாசத்துலேருந்து எனக்கு வேலை இல்ல. புரியுதா? இருபத்தாறு வருஷம் கழிச்சு எனக்கு வேலை இல்ல. நீங்க ஆறு வருஷங்கிறீங்க."

கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "ஒருத்தரை வரச் சொல்றேன். பழைய கார் வாங்கி விக்கிறவரு. அவரு பாத்தா விலை தெரிஞ்சிடும்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இப்படியே நாலு தடவை யார் யாரையோ வரச் சொல்லியிருக்கிறார், ஒருவரும் வந்ததில்லை. ஊசியக்கா தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஆனால் இந்தத் தடவை ஆள் வந்தார். ஐந்தாம் தேதி, பகல் பதினோரு மணிக்கு. தொப்பி போட்டவர். பேச்சு குறைவு. கணவர் ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓரமாக நின்றார். பிறகு நிற்க முடியாமல் தன் பத்து நிமிஷப் பேச்சை ஆரம்பித்தார். தொப்பிக்காரர் குறுக்கே பேசாமல் முழியனைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தார், சக்கரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"பிரேக் பிடிச்சிட்டிருக்கே."

"அது பட்டன் பிரேக் சார். பாட்டரி போட்டா விட்டுடும்" என்றார் கணவர்.

"விடாது. ஆறு வருஷத்துல உள்ள எல்லாம் துருவேறியிருக்கும். ரப்பர் எல்லாம் காஞ்சு போச்சு. ஓடாம நின்ன வண்டி சார் இது. துடைச்சீங்க, ஓட்டலையே."

ஊசியக்கா டீயோடு வாசற்படியில் நின்றாள். துடைச்சீங்க, ஓட்டலையே என்பதைக் கேட்டதும் அந்த முன்பின் தெரியாத ஆள் மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

"ஆனா மொத்தமா எத்தனை செஞ்சாங்க தெரியுமா? இந்தப் பக்கத்துல இதுபோல ரெண்டு மூணுதான் இருக்கும். அபூர்வம் சார்" என்றார் கணவர்.

தொப்பிக்காரர் டீயை வாங்கிக்கொண்டார். "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஷோரூம்ல இருந்தவரு. கண்ணாடிக்கு வெளிய நின்னு இந்தக் காரை யாராச்சும் ஆசையா பாத்திருக்காங்களா? வாங்க வந்தவங்களச் சொல்லல. வாங்க முடியாதவங்க. பள்ளிக்கூடப் பையன், பஸ்ஸுக்கு நிக்கிறவன், யாராச்சும்?"

"ஏன் கேக்குறீங்க?"

"பழைய காரு வாங்குறவன் அன்னைக்குத் தனக்குக் கிடைக்காம போனதைத்தான் சார் வாங்குறான். பத்து வயசுல ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டுப் பாத்திருப்பான். அம்பது வயசுல கையில காசு வந்ததும் தேடிட்டு வருவான். ஊரே சிரிச்ச காருக்கும் விலை ஏறியிருக்கு, இல்லங்கல. அங்க சிரிக்காம பாத்தவன் நாலு பேராச்சும் இருந்திருப்பான். கொஞ்சமா இருக்குங்கறதுக்காக விலை வராது. யாருமே வேணாம்னதாலதானே இது கொஞ்சமாச்சு."

கணவர், எதையும் வாய் ஓயாமல் சொல்லுகிறவர், ஷட்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். அப்புறம், "ஒருத்தர் இருந்தாங்க" என்றார்.

"ஒருத்தர் போதாதே. ஏலம்னா ரெண்டு பேரு வேணும்ல" என்றார் தொப்பிக்காரர். அவர் சிரிக்கவில்லை, தொழில் விஷயமாகத்தான் சொன்னார். "வேற ஒரு வழி இருக்கு. வெளியூர்ல ஒரு டாக்டர் இதே வண்டி வச்சிருக்காரு. தினம் ஓட்டுறாரு. அவருக்கு விளக்கு வேணும், கதவு வேணும், கியர் பெட்டி வேணும். முழுசா வேணாம். பிரிச்சுக் குடுத்தா நான் ஆளை வச்சு எடுத்துக்குறேன். நல்ல விலையே தருவாரு."

"இதென்ன கறிக்கடையா, கூறு போட்டு விக்க?" என்றார் கணவர். முகம் சிவந்துவிட்டது.

தொப்பிக்காரர் காலி டம்ளரை ஊசியக்காவிடம் கொடுத்து, "டீ நல்லா இருந்துச்சும்மா" என்றார். போன் எண் எழுதிய அட்டையை முழியனின் மேல் வைக்கப் போனவர், மெழுகு பளபளப்பைப் பார்த்துவிட்டு, கணவரின் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சமைத்தது மேசையில் இருக்கும், சாப்பிட்டது தெரியாது. ஆறாம் தேதி போயிற்று, ஏழும் எட்டும் போயின. ஊசியக்கா கத்தியாயிற்று, கெஞ்சியாயிற்று, இத்தனை வருஷத்தில் அழுததும் உண்டு. எதுவும் அந்த மனுஷன் மண்டையில் ஏறவில்லை. பிடித்த பிடியை விடாதவரிடம் வாயால் பேசி என்ன ஆகப் போகிறது?

ஒன்பதாம் தேதி ஞாயிறு. வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கணவர் மஞ்சள் துணியும் மெழுகு டப்பாவுமாகக் கீழே இறங்கினார். ஷட்டர் ஏற்கெனவே திறந்திருந்தது. முழியனின் முன்மூடியின் மேல் ரத்தம் பிரிக்கிற மெஷின் உட்கார்ந்திருந்தது. அதன் நாலு இரும்புக் கால்களும் பெயிண்டில் நன்றாக அழுந்தியிருந்தன. கூரை மேல் மைக்ராஸ்கோப். பின்மூடியில் கை கழுவும் தொட்டி, கவிழ்த்து. டியூப் பெட்டிகளும் பஞ்சுச் சுருள்களும் இடமிருந்த பக்கமெல்லாம். சந்தில் ஒரு ஸ்டூல் போட்டு, வெள்ளைக் கோட்டோடு ஊசியக்கா உட்கார்ந்திருந்தாள். அவர் குளிக்கிற நேரத்தில் சாமான்களை இறக்கிக்கொடுத்த தெருக்காரர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பண்ற நீ?"

"லேப் வச்சுட்டேன். அறை காலியில்லன்னீங்க, அதான் இருக்குற எடத்துல வச்சுட்டேன். ஆறு வருஷம் கழிச்சு வாங்குறவன் வந்தா, லேபோட சேத்து எடுத்துட்டுப் போகட்டும். என்னையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நானும் பழசுதான், எனக்கும் விலை ஏறியிருக்கும்."

கணவர் மெஷினைத் தூக்கப் போனார். கனம். இழுத்தால் கீறும். கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"கீறிடுச்சு" என்றார் மெல்ல.

"கீறட்டும். என் இடுப்பைக் காட்டவா? பத்தொன்பது வருஷக் கீறல். அதுக்கு எந்த மெழுகு போடுறது?" ஊசியக்கா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "நானும் காத்துக்கிட்டேதான் இருந்தேன். நீங்க வண்டிக்குக் காத்திருந்தீங்க, நான் உங்களுக்குக் காத்திருந்தேன். எனக்கு அம்பத்து நாலு வயசாச்சுங்க. எனக்கு இருபத்தஞ்சாவது வருஷம் வேணாம். எனக்குப் பதினாலாம் தேதி வேணும்."

வேடிக்கை பார்த்தவர்கள் தங்களுக்கு வேலை இருப்பதை நினைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கணவர் துணியை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். இனி மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதானதும் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, மாடிக்குப் போய்ச் சட்டையைத் தேடி, அந்த அட்டையை எடுத்து போன் செய்தார்.

பத்தாம் தேதி இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். முழுசாக வெளியே இழுக்கச் சக்கரம் சுழலாததால் அறைக்குள்ளேயே பிரித்தார்கள். முதலில் போனது அந்தப் பக்கக் கண்ணாடி. ஊசியக்கா அதைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தானே கொண்டுபோய் வேனில் வைத்தாள். அப்புறம் விளக்குகள். கண்கள் இரண்டும் போனதும் முழியன் முழிக்கவில்லை, அப்போதுதான் பார்க்கப் பாவமாக இருந்தது. கணவர் கடைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றார். எந்தத் திருகு எங்கே இருக்கிறது, எதைக் கழற்றினால் எது வரும் என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மிஞ்சிய கூட்டை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இரண்டு நாளில் அறையில் எண்ணெய்க் கறையும் நாலு சக்கரத் தடமும்தான் மிச்சம். கூடவே பின்சீட்டு இரண்டும்.

"டாக்டருக்கு சீட்டு வேணாமாம். அவரோட சீட்டு நல்லாத்தான் இருக்காம். தூக்கிப் போட்டுடவா?" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணைப் போட்டுடுங்க. ஒண்ணு இருக்கட்டும்" என்றார் கணவர். ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. எல்லாம் போயும் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறாரே, இது எந்த ஜென்மத்துப் பிடிவாதம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சண்டை போட நேரமில்லை. தரையைத் தேய்க்க வேண்டும், கழுவினால் போகாத பெயிண்ட் அடிக்க வேண்டும், தொட்டியைப் பொருத்த வேண்டும். தொட்டியை அவர் பொருத்தினார், ஒரு சொட்டு ஒழுகாமல்.

பதிமூன்றாம் தேதி மத்தியானம் ஆர்டர் கொடுத்த நாற்காலி வந்தது. பெட்டியைப் பிரித்தால் கைத்தாங்கி இரண்டாக உடைந்திருந்தது. போன் செய்தாள். மாற்றித் தருகிறோம், பத்து நாளாகும் என்றார்கள். ஊசியக்கா புதுப் பெயிண்ட் வாசனைக்கு நடுவில் அந்த அட்டைப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷம் தாண்டி வந்து ஒரு நாற்காலியிலா சறுக்க வேண்டும்? அவளுக்கு யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில் முழியனைத் திட்டலாமென்று நிமிர்ந்தாள், அங்கே அவன் இல்லை. வீட்டு நாற்காலி ஏதாவது தேறுமா என்று பார்க்க மாடிக்குப் போனாள். எதற்கும் கைத்தாங்கி இல்லை.

பதினாலாம் தேதி காலை ஐந்தேமுக்காலுக்குக் கீழே இறங்கி வந்தாள். அறையின் நடுவில் முழியனின் பின்சீட்டு, தடித்த பலகை மேல் நாலு போல்ட் போட்டு முடுக்கி, ஆடாமல் நின்றது. அதன் கைத்தாங்கியில் ரத்தம் எடுக்கத் தோதாக ஒரு நீட்டல் பலகை, தோல் ஒட்டி. அடியில் அவளுடைய ஸ்கூட்டரின் பழைய பாட்டரி. கணவர் சுவரோரமாக ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார்.

"பட்டன் வேலை செய்யுது. அமுக்கிப் பாரு" என்றார்.

அமுக்கினாள். சீட்டு சத்தமில்லாமல் சாய்ந்தது.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், கடைசியில் சீட்டுக்கு முன்னால் நின்றார். "துடைக்க வருமா?" என்றார். ஊசியக்கா மருந்து நனைத்த பஞ்சால் துடைத்துக் காட்டினாள். "மயக்கம் வந்தா?" என்றார். பட்டனை அமுக்கிக் காட்டினாள். "அட, இது எந்தக் கம்பெனி?" என்றார் அதிகாரி. கணவர் வாயைத் திறந்தார். ஊசியக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குமேல் ஒரு வேலை பாக்கி. மெஷின் சரியாகப் பிரிக்கிறதா என்று பார்க்க ஒரு டியூப் ரத்தம் வேண்டும். அறையில் இருந்தது இரண்டு பேர்.

"நானா?" என்றார் கணவர்.

"பின்ன சுவருக்கா ஊசி போடுறது? உக்காருங்க."

உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. அவள் சீட்டைச் சாய்த்து, கையை நீட்டல் பலகையில் வைத்து, இரண்டு விரலால் முழங்கையைத் தடவினாள். எல்லோரிடமும் கேட்கிற மாதிரி ஏதாவது கேட்க வேண்டும். ஐந்தாம் தேதியிலிருந்து கேட்காமல் விட்டது ஒன்று இருந்தது.

"அந்தத் தொப்பிக்காரர் கேட்டாரே, ஆசையா பாத்தவங்க யாராச்சும் உண்டான்னு. ஒருத்தர்னீங்களே. யாரு அது?"

கணவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "நீதான். அன்னைக்கு செக்கப்புக்கு வந்தப்ப. ரெண்டு வருஷமா எத்தனை பேர்கிட்ட பேசியிருப்பேன், ஒருத்தன்கூட அந்த வண்டிய நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நீ ஒருத்திதான் சொன்ன. அதான் கடை மூடுனப்ப விட்டுட்டு வர மனசு வரல. நல்ல விலைக்கு வித்து, அந்தக் காசுல உனக்குப் பெரிய லேபா வச்சுக் குடுக்கணும்னு நெனச்சேன்."

ஊசி உள்ளே போயிருந்தது. டியூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஊசியக்கா டியூபை லேசாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"நான் வண்டியவா சொன்னேன்? சீட்டத்தானே சொன்னேன்" என்றாள்.

"ஆமா, சீட்டத்தான்."

"அப்ப அன்னைக்கே இந்த ஒரு சீட்டக் கழட்டி எங்கிட்டக் குடுத்திருக்கலாமே. அடுத்த மாசமே லேப் தொறந்திருப்பேனே."

கணவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். உண்மையிலேயே புரியாத முகம்.

"சீட்டத் தனியா கழட்டினா வண்டி மதிப்பு போயிடும்ல."

சொல்ல வேண்டிய பதில்கள் பத்தொன்பது வருஷத்துக்கும் சேர்த்து அவள் தொண்டைவரை வந்து நின்றன. ஆனால் ஊசி அவர் நரம்பில் இருந்தது, டியூப் இன்னும் பாதிதான் நிறைந்திருந்தது.

"ஆடாதீங்க" என்றாள்.